ஈஏவ எல்லாரும் திட்றாங்க, ஆனா எல்லாரும் அவங்க கேமதான் ஆடுறாங்க, அது எப்படி?

நீங்க கேட்டது இதுதான்: எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதாவது ஈஏங்குற அமெரிக்க வீடியோ கேம் கம்பெனி, ஆரம்பத்துலேருந்தே காசு ஒண்ணுதான் குறின்னு இருந்தாங்களா, இல்ல நடுவுல மாறுனாங்களா, நல்ல நல்ல ஸ்டுடியோவ எல்லாம் வாங்கி மூடுனாங்கன்னு சொல்றது உண்மையா, இப்ப சவூதிகாரங்க வாங்குறாங்களே அதனால என்ன ஆகும். நான் இருபது வருஷமா இவங்க கேம் ஆடுறேன், இந்தக் கம்பெனியப் பத்தி கைக்குக் கெடைச்சத எல்லாம் படிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

நடுவுல மாறிட்டாங்கன்னு சொல்றது பாதி உண்மைதான். 1982ல ட்ரிப் ஹாக்கின்ஸ் ஆப்பிள் வேலைய விட்டுட்டு வந்து இத ஆரம்பிச்சப்பவே அவர் தலைக்குள்ள ரெண்டு யோசனை இருந்துச்சு. ஒண்ணு, கேம் செய்றவன் கலைஞன். இன்னொண்ணு, கேம கடைக்காரன்கிட்ட நாமளே நேரா கொண்டுபோய் விக்கணும். முதல் யோசனையாலதான் ஈஏவுக்குப் பேர் கெடைச்சுது. ஆனா ரெண்டாவது யோசனையாலதான் பணம் வந்துச்சு, நாப்பது வருஷமா ஒவ்வொரு தடவையும் ஜெயிச்சதும் அதுதான்.

அந்த முதல் யோசனை எவ்ளோ அழகா இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் பின்னாடி வந்த கோவம் புரியும். அப்ப அட்டாரி மாதிரி பெரிய கம்பெனில கேம் செஞ்சவன் பேர வெளிலயே போட மாட்டாங்க, அந்தக் கோவத்துலதான் 1979ல நாலஞ்சு பேர் பிரிஞ்சு போய் ஆக்டிவிஷன் ஆரம்பிச்சாங்க. ஈஏ இன்னும் ஒரு படி மேல போச்சு. கேம் பாக்கெட்ட கிராமஃபோன் எல்பி ரெக்கார்டு உறை மாதிரியே சதுரமா, தட்டையா, விரிச்சுப் பாக்குற மாதிரி பண்ணாங்க, உள்ள செஞ்சவங்க பேரும் அவங்களப் பத்தின விவரமும் இருக்கும். 1983ல பத்திரிகைல ஒரு விளம்பரம் குடுத்தாங்க, கம்ப்யூட்டரால உங்கள அழ வைக்க முடியுமான்னு ஒரு கேள்வி, கூடவே கேம் செஞ்ச பசங்க கருப்பு வெள்ளை ஃபோட்டோல ராக் பேண்ட் ஆளுங்க மாதிரி நிக்குறாங்க. அன்னிக்கு புரோகிராமர யாரும் அப்படி காட்டுனதே இல்ல. பில் பட்ஜ் செஞ்ச பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட், பண்டன் செஞ்ச மியூல், ஆர்க்கான், எல்லாம் அந்த மொத வருஷத்து சரக்குதான். நாமளே பின்பால் மேசைய கட்டி ஆடலாம்ங்குற ஐடியாவ 1983லயே குடுத்துட்டாங்க, யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது யோசனைக்கு வருவோம். சினிமா தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமா புரியும். படம் எடுக்குறவன் ஒருத்தன், அத ஏரியா ஏரியாவா பிரிச்சு தியேட்டருக்குக் கொண்டுபோறவன் இன்னொருத்தன், தியேட்டர் யார் கைல இருக்கோ அவன் சொல்றதுதான் நடக்கும். கேம்லயும் அப்ப விநியோகஸ்தர்கிட்ட குடுத்து அவங்க கடைக்குத் தள்ளுறதுதான் வழக்கம். ஈஏ சொந்தமா சேல்ஸ் ஆளுங்கள வச்சு நேரா கடைக்குப் போச்சு. நடுவுல போற கமிஷன் மிச்சம், எந்த ஊர்ல எது ஓடுதுன்னு உடனே தெரியும், அதுக்கும் மேல மத்த சின்னக் கம்பெனிங்க எல்லாம் எங்க கேமையும் கொண்டுபோய் வித்துக் குடுங்கன்னு இவங்க வாசல்ல வந்து நின்னுச்சு. இத பெருசா வளர்த்தவர் லாரி ப்ராப்ஸ்ட், 1984ல சேல்ஸ் தலைவரா வந்தவர். 1991ல ஹாக்கின்ஸ் 3டிஓங்குற கம்பெனிய ஆரம்பிக்கப் போனப்ப ஈஏவோட நாற்காலில உக்காந்தது இவர்தான், 2007 வரைக்கும் இவர்தான் சிஇஓ. கலைஞன்னு பேசுனவர் வெளில போறார், சேல்ஸ்லேருந்து வந்தவர் பதினாறு வருஷம் நடத்துறார். ஈஏவோட கதைல நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறது இந்த மாற்றத்தத்தான்.

ஸ்போர்ட்ஸ் கேம் பத்தி சொல்லாம போக முடியாது. ஹாக்கின்ஸுக்கு அமெரிக்கன் ஃபுட்பால்னா உயிர். ஜான் மேடன்னு ஒரு கோச், டிவி வர்ணனையாளரும் கூட, அவரப் பிடிச்சு கேம் செய்யணும்னு ஆசை. மேடன் பிளைட்ல ஏற மாட்டார், பயம். அதனால இவங்க அவர்கூட ட்ரெயின்ல ஏறி உக்காந்து போய்க்கிட்டே ஆட்டத்தப் பத்திக் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கு கம்ப்யூட்டர் மெமரில ஒரு டீமுக்கு ஆறேழு ஆளுக்கு மேல நிக்க வைக்க முடியாது, அத சொன்னப்ப மேடன் ஒரே வார்த்தைல மறுத்துட்டார், பதினோரு பேர் இல்லன்னா அது ஃபுட்பாலே இல்ல, என் பேர போடாதீங்கன்னுட்டார். அதுக்காக வருஷக்கணக்கா காத்திருந்து, 1988லதான் ஆப்பிள் 2ல ஜான் மேடன் ஃபுட்பால் வந்துச்சு. இன்னிக்கு வருஷா வருஷம் பேர மட்டும் மாத்தி விக்கிறாங்கன்னு திட்டு வாங்குற அந்த சீரீஸ் ஆரம்பிச்சது, அரைகுறையா வேணாம்னு ஒரு மனுஷன் பிடிச்ச பிடிவாதத்துலதான்.

அப்புறம் சேகாங்குற ஜப்பான் கேம் கம்பெனியோட கதை. அவங்களோட ஜெனசிஸ் கன்சோலுக்கு, அதாவது டிவில மாட்டி ஆடுற கேம் மெஷினுக்கு, கேம் போடணும்னா சேகா கேக்குற ராயல்டிய குடுக்கணும், அவங்க சொல்ற கணக்குலதான் கேம் விடணும். ஈஏ ஆளுங்க அந்த மெஷின பிரிச்சுப் போட்டு, அது எப்படி வேலை செய்யுதுன்னு தாங்களாவே கண்டுபிடிச்சுட்டாங்க. 1990ல சேகாகிட்ட போய் நாங்க உங்க லைசென்ஸ் இல்லாமலே கார்ட்ரிட்ஜ் போட முடியும், என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க. சேகா வேற வழி இல்லாம நல்ல சலுகைல ஒப்பந்தம் போட்டுச்சு. ஜெனசிஸ்ல மேடன் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. 1993 டிசம்பர்ல ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர் வந்துச்சு, மைதானத்த கொஞ்சம் சாய்வா மேலேருந்து பாக்குற மாதிரி, அதுவும் மொதல்ல ஜெனசிஸ்லதான். ஈஏவோட பண அஸ்திவாரம் இங்கதான் போட்டாச்சு.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான விஷயம், ஸ்டுடியோவ வாங்கி மூடுறது. உண்மைதான். ஒரிஜின், புல்ஃப்ராக், வெஸ்ட்வுட், பாண்டெமிக், இந்தப் பேருங்கள சொன்னாலே பழைய ஆளுங்களுக்கு வயிறு எரியும்.

ஒரிஜின் கதைய மட்டும் கிட்டக்க போய் பாருங்க. டெக்ஸஸ்ல ரிச்சர்ட் கேரியட் நடத்துன கம்பெனி, அல்டிமா சீரீஸ் செஞ்சவங்க. ஒரு காலத்துல ஈஏ மூலமாதான் வித்தாங்க, அதுல தகராறு ஆகிப் பிரிஞ்சுட்டாங்க. 1992 ஏப்ரல்ல அல்டிமா 7 வருது. அந்தக் கேம்ல எலிசபெத்னு ஒரு பொம்பள, ஆபிரகாம்னு ஒரு ஆம்பள, ஊர் ஊரா நல்ல காரியம் செய்றவங்க மாதிரி போவாங்க, பின்னாடிதான் தெரியும் கொலைகாரங்கன்னு. ரெண்டு பேரோட இங்கிலீஷ் மொத எழுத்த சேத்துப் பாருங்க, ஈ, ஏ. வில்லனோட சக்திய தாங்குற மூணு எந்திரம் வரும், ஒண்ணு கன சதுரம், ஒண்ணு உருண்டை, ஒண்ணு முக்கோணக் கூம்பு. ஈஏவோட பழைய லோகோ என்ன தெரியுமா, சதுரம், வட்டம், முக்கோணம். அவ்ளோ கோவத்த கேமுக்குள்ளயே வச்சுத் தச்சவங்க, அதே வருஷம் செப்டம்பர்ல பண நெருக்கடில கம்பெனிய ஈஏகிட்டயே வித்துட்டாங்க. எனக்கு இத மொத மொத படிச்சப்ப மனசு கனத்துப் போச்சு. 1997ல அல்டிமா ஆன்லைன்னு பெரிய வெற்றி குடுத்தாங்க, 1999ல அல்டிமா 9 ஏகப்பட்ட பிழையோட வெளில வந்துச்சு, 2004ல கடைய மூடியாச்சு.

லண்டன் பக்கத்துல கில்ட்ஃபோர்ட்ல இருந்த புல்ஃப்ராக்க 1995ல வாங்குனாங்க. அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பீட்டர் மாலின்யூ 1997ல டஞ்சன் கீப்பர முடிச்ச கையோட வெளியேறிட்டார். கமாண்ட் அண்ட் காங்கர் செஞ்ச லாஸ் வேகஸ் வெஸ்ட்வுட்ட 1998ல வாங்கி 2003ல மூடிட்டாங்க. எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் நடக்குது: ஸ்டுடியோ கடன்லயோ களைப்புலயோ இருக்கும்போது வாங்குறாங்க, தேதி வச்சு கேம் கேக்குறாங்க, ஆரம்பிச்சவன் சலிச்சுப் போய் வெளில வர்றான், பின்னாடியே நல்ல ஆளுங்க நாலு பேர் போறாங்க, மிச்சம் இருக்குறது பேர்ப் பலகை மட்டும். விக்கப் போனவங்களும் காசு வாங்கிட்டுதான் வித்தாங்க, அதயும் சொல்லணும். ஆனா வாங்குனது என்னங்குறத ஈஏ புரிஞ்சுக்கவே இல்லங்குறதுதான் என் கருத்து. கட்டடத்தையும் பேரையும் வாங்குனா அந்த மனுஷங்க சேந்து உக்காந்து யோசிக்கிறதும் கூடவே வந்துடும்னு நெனச்சாங்க. இத நான் மட்டும் சொல்லல, ப்ராப்ஸ்டுக்கு அப்புறம் சிஇஓவா வந்த ஜான் ரிச்சிட்டெல்லோ 2008ல ஒரு மாநாட்டுல ஒரிஜின், புல்ஃப்ராக், வெஸ்ட்வுட் விஷயத்துல நாங்க கெடுத்துட்டோம்னு வெளிப்படையாவே ஒத்துக்கிட்டார். அதுக்கு அடுத்த வருஷமே, 2009 நவம்பர்ல, பாண்டெமிக்க மூடிட்டாங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதையும் இருக்கு, அத விட்டா நியாயமில்ல. வில் ரைட்னு மேக்சிஸ்ல ஒருத்தர், சிம் சிட்டி செஞ்சவர். 1991 ஓக்லண்ட் காட்டுத்தீல அவர் வீடு எரிஞ்சு போச்சு. திரும்ப ஒண்ணொண்ணா சாமான் வாங்கி வீடு சேக்கும்போது, மனுஷனுக்கு நெஜமாவே என்னதான் வேணும்னு யோசிச்சதுலதான் தி சிம்ஸ் கருவாச்சு. மேக்சிஸ்ல அத யாரும் பெருசா நம்பல, பொம்மை வீடு யார் ஆடுவான்னு விட்டுட்டாங்க. 1997ல ஈஏ வாங்குனப்புறம்தான் அதுக்கு ஆளும் காசும் கெடைச்சுது. 2000ல வெளிவந்து ரெண்டே வருஷத்துல அதுவரைக்கும் அதிகமா வித்த பிசி கேம்னு ஆயிடுச்சு. சில நேரம் அந்த சேல்ஸ் மெஷினே கலைஞனுக்குக் கை குடுத்துருக்கு.

பேர் நாசமா போனதுக்கு பெரிய திருப்பம் 2004 நவம்பர். ஈஏல வேலை செஞ்ச ஒரு புரோகிராமரோட துணைவி பேர் போடாம இணையத்துல ஒரு கடிதம் எழுதுனாங்க. காலைல 9 மணிக்குப் போனா ராத்திரி 10 மணி, வாரத்துல ஏழு நாளும், ஓவர்டைம் காசு கிடையாது, வீட்டுக்கு வர்றவருக்கு தலைவலி, வயித்துவலின்னு ஒரு குடும்பம் எப்படி வதங்குதுன்னு அதுல இருந்துச்சு. ஈஏ ஸ்பௌஸ்ங்குற பேர்ல அது உலகம் முழுக்கப் பரவுச்சு. கேஸ் நடந்து ஓவியக் கலைஞர்களுக்கு 1.56 கோடி டாலர், புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் குடுத்து சமாதானம் பண்ணாங்க. இருபது வருஷம் முன்னாடி கலைஞர்கள்னு பேர் போட்டு ஃபோட்டோ எடுத்த அதே கம்பெனி, பாருங்க. அதே 2004 டிசம்பர்ல இன்னொண்ணும் நடந்துச்சு. போட்டி கேம் இஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5 வெறும் 20 டாலருக்கு வந்து மேடன மிரட்டுச்சு, உடனே ஈஏ அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லோட தனி உரிமைய வாங்கி, மத்த யாரும் அந்த டீம் பேர்ல கேமே போட முடியாதபடி கதவச் சாத்திட்டாங்க.

2012லயும் 2013லயும் கன்ஸ்யூமரிஸ்ட்டுன்னு ஒரு நுகர்வோர் தளம் நடத்துன வாக்கெடுப்புல அமெரிக்காவோட மோசமான கம்பெனின்னு ஈஏவுக்குத்தான் பட்டம், ரெண்டு வருஷமும் ஃபைனல்ல தோத்தது பேங்க் ஆஃப் அமெரிக்கா. வீட்டுக்கடன் நெருக்கடில ஜனங்க வீட்ட இழந்த காலத்துல, ஒரு பேங்க்க விட கேம் கம்பெனி மோசம்னு சொன்னது அதிகம்தான், நான் அத ஏத்துக்கல. ஆனா 2013 மார்ச்ல சிம் சிட்டி வந்தப்ப வாங்குனவங்க பட்ட பாடு நெஜம். தனியா உக்காந்து ஊர் கட்டுற கேமுக்கு எப்பவும் இன்டர்நெட் வேணும்னு வச்சாங்க, சர்வர் தாங்கல, காசு குடுத்தவங்க நாள்கணக்கா வரிசைல நின்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு இன்டர்நெட் இல்லாம ஆடுற வசதிய அவங்களே குடுத்தாங்க. அதுக்குள்ள அந்த ஸ்டுடியோ மேல இருந்த நம்பிக்கை போயே போச்சு.

இப்ப இருக்குற ஈஏவ புரிஞ்சுக்கணும்னா அல்டிமேட் டீம்ம புரிஞ்சுக்கணும். 2009ல ஃபிஃபா 09க்கு கூடுதல் பகுதியா வந்துச்சு. நீங்க ஒரு டீம் சேக்கணும், ஆட்டக்காரங்க கார்டா வருவாங்க, கார்டு பாக்கெட்டுக்குள்ள இருக்கும், பாக்கெட்ட ஆடியும் சம்பாதிக்கலாம் காசு குடுத்தும் வாங்கலாம், ஆனா உள்ள யார் இருப்பான்னு பிரிச்சாதான் தெரியும். பிரிக்கும்போது லைட்டு, கொடி, இருட்டுலேருந்து ஆள் நடந்து வர்றது, மனசு அடிச்சுக்கும். அடுத்த வருஷம் புது கேம் வந்ததும் திரும்ப மொதல்லேருந்து, பழைய டீம் கூட வராது. 2021 நிதியாண்டுல இந்த அல்டிமேட் டீம்ல மட்டும் வந்தது 162 கோடி டாலர், மொத்த வருமானத்துல 29 சதவீதம். 2013லேருந்து சிஇஓவா இருக்குற ஆண்ட்ரூ வில்சன் ஃபிஃபா பக்கத்துலேருந்து வந்தவர்தான். முன்ன சேல்ஸ்காரர், இப்ப ஃபிஃபாக்காரர், யார மேல தூக்குறாங்கன்னு பாத்தாலே கம்பெனி எத நம்புதுன்னு தெரியும்.

இத 2017ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2லயும் நுழைச்சப்பதான் வெடிச்சுது. டார்த் வேடர திறக்க 60,000 கிரெடிட், அதாவது கேமுக்குள்ள ஆடி சேக்குற காசு, ஒருத்தர் கணக்குப் போட்டு ஒரு ஹீரோவுக்கு 40 மணி நேரம் ஆடணும்னு சொன்னார். முழு விலை குடுத்து வாங்குன கேம்ல இது. ரெட்டிட்ல ஈஏ பக்கத்துலேருந்து, ஆடி சம்பாதிச்சா ஒரு பெருமை இருக்கும்னு விளக்கம் குடுத்தாங்க, அதுக்கு விழுந்த எதிர் ஓட்டு ஆறரை லட்சத்துக்கும் மேல, கின்னஸ்லயே ஏறிடுச்சு. ரிலீஸுக்கு முந்தின நாள் காசு வாங்குறத நிறுத்தி வச்சாங்க. பெல்ஜியத்துல இது சூதாட்டம்தான்னு 2018ல சொன்னாங்க, 2019 ஜனவரில ஈஏ அங்க பாக்கெட் வாங்க உதவுற ஃபிஃபா பாயிண்ட் விக்கிறத நிறுத்துச்சு. அதே வருஷம் பிரிட்டன் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி ஈஏ அதிகாரி இத லூட் பாக்ஸ்னு, அதாவது உள்ள என்னன்னு தெரியாம வாங்குற பெட்டின்னு, சொல்லாதீங்க, ஆச்சரிய அமைப்புன்னு சொல்லுங்க, குழந்தைங்க வாங்குற சாக்லேட் முட்டை மாதிரிதான்னு வாதாடுனாங்க. சாக்லேட் முட்டை வருஷா வருஷம் காலாவதியாகி, புதுசா ஆயிரக்கணக்குல செலவு பண்ண வைக்காது, இது எனக்கு ரொம்பக் கோவம் வந்த இடம். உங்க வீட்ல பசங்க ஆடுனா கார்டு நம்பர அந்த அக்கவுண்ட்ல சேமிச்சு வைக்காதீங்க, இது ஒண்ணயாவது செய்ங்க.

நம்ம ஊருக்கும் இவங்களுக்கும் ஒரு பழைய பந்தம் இருக்கு. 2006 கடைசில வந்த கிரிக்கெட் 07. ஸ்கூல் விட்டதும் பிரவுசிங் சென்டர்ல ரெண்டு பேர் ஒரே கீபோர்டுல ஆளுக்கு ஒரு பக்கம் கைய வச்சு ஆடுனது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, ரிச்சி பெனோவோட வர்ணனை காதுல அப்படியே இருக்கு. லைசென்ஸ் இல்லாததால நம்ம ஆட்டக்காரங்க பேரெல்லாம் எழுத்து மாறி வரும், அத நாமளே உக்காந்து திருத்துவோம். அதுக்கப்புறம் ஈஏ பிசிக்கு கிரிக்கெட் கேமே செய்யல, ஆனா ரசிகர்ங்க புது ஜெர்சி, புது டீம்னு பேட்ச் போட்டு அத உயிரோட வச்சுருக்காங்க. எல்லாரும் திட்றாங்க ஆனா ஆடுறாங்கன்னு கேட்டீங்களே, அதுக்கு என் பதில் இதுலயே இருக்கு. கேம செஞ்சவங்க கை அவ்ளோ நல்லா இருக்கு, ஒரு தடவ பிடிச்சுட்டா விடாது. கூடவே அந்த டீம் பேரு, லீக் பேரு எல்லாம் இவங்ககிட்டதான் இருக்கு, ஆட வேற இடமும் இல்ல.

நல்லதும் நடக்காம இல்ல. 2017ல வாங்குன ரெஸ்பான் ஸ்டுடியோ, 2019ல அபெக்ஸ் லெஜண்ட்ஸ் குடுத்துச்சு, ஒரே வாரத்துல 2.5 கோடி பேர் ஆடுனாங்க. ஜோசஃப் ஃபாரெஸோட ஹேஸ்லைட் செஞ்ச இட் டேக்ஸ் டூவ ஈஏதான் வெளியிட்டுச்சு, ரெண்டு பேர் ஆடுற கேமுக்கு ஒருத்தர் வாங்குனா போதும்னு வச்சாங்க, 2021ல தி கேம் அவார்ட்ஸ்ல வருஷத்தோட சிறந்த கேம்னு விருது வாங்குச்சு. வெஸ்ட்வுட்ல இருந்தவங்க ஆரம்பிச்ச பெட்ரோகிளிஃப்கிட்டயே கமாண்ட் அண்ட் காங்கர புதுப்பிக்கக் குடுத்து, 2020லயும் 2025லயும் அந்தப் பழைய கேம்ங்களோட சோர்ஸ் கோட, அதாவது மூல நிரல, யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டாங்க. 2023ல ஃபிஃபாவோட முப்பது வருஷ உறவ முறிச்சுக்கிட்டு ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சின்னு பேர் மாத்துனாங்க, பேர் போனாலும் கிளப் லைசென்ஸெல்லாம் கைல இருந்ததால ஒண்ணும் ஆகல.

கடைசியா சவூதி விஷயம். 2025 செப்டம்பர் 29ல அறிவிச்ச ஒப்பந்தப்படி சவூதி அரசோட முதலீட்டு நிதி பிஐஎஃப், சில்வர் லேக்ங்குற அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி, டிரம்ப் மருமகன் ஜாரெட் குஷ்னரோட அஃபினிட்டி பார்ட்னர்ஸ், மூணு பேரும் சேந்து 5,500 கோடி டாலருக்கு ஈஏவ வாங்குறாங்க, ஷேருக்கு 210 டாலர், டிசம்பர்ல பங்குதாரர்கள் ஒத்துக்கிட்டாங்க. நெறைய பேர் சவூதி காசுங்குறதையே பேசுறாங்க, மனித உரிமைக் கேள்வி நியாயமானது, அத ஒதுக்கிட முடியாது. ஆனா கேம் எப்படி இருக்கும்னு நீங்க கேட்டா நான் காட்டுறது வேற நம்பர். அந்தத் தொகைல 2,000 கோடி டாலர் கடன். 2025 நிதியாண்டுல ஈஏவோட நிகர லாபம் சுமார் 112 கோடி டாலர். இந்த மாதிரி வாங்குறதுல அந்தக் கடன, வாங்கப்படுற கம்பெனி தலைலயே ஏத்துறதுதான் வழக்கம், அப்ப வட்டியும் அசலும் கேம் வித்துதான் கட்டணும். வருஷா வருஷம் நிச்சயமா காசு தர்ற எஃப்சி, மேடன், அல்டிமேட் டீம் இதெல்லாம் இன்னும் இறுகும். ஈஏகிட்ட இருக்குற, நாலு வருஷம் யோசிச்சு செய்ற பயோவேர் மாதிரி ஸ்டுடியோவ நெனச்சாதான் எனக்கு பயமா இருக்கு. அடுத்து அங்கேருந்து யார் வேலைய விட்டுப் போறாங்கங்குற செய்திய கவனிங்க, ஒரிஜின்லயும் புல்ஃப்ராக்லயும் மொத அறிகுறி அதுவாத்தான் இருந்துச்சு.